கர்டரின் ஜாதகம்

எங்கள் மதுரைப் பக்கம் பழைய கட்டடம் ஒன்றை இடிக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் உரிமையாளர் இடிப்பவருக்குப் பணம் கொடுப்பதில்லை. இடிப்பவர்தான் உரிமையாளருக்குக் கொடுக்கிறார். இடிப்புக் காண்டிராக்டர் ஒரு முறை உள்ளே போய்ச் சுற்றி வருவார். தேக்கு நிலை எத்தனை, உத்தரம் எத்தனை, ஜன்னல் கம்பி எவ்வளவு, தரையில் கிடப்பது கடப்பைக் கல்லா வெறும் சிமெண்ட்டா என்று கண்ணாலேயே எடை போட்டு, வாசலுக்குத் திரும்பும்போது ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். இப்படி இடித்து எடுக்கப்படும் பொருள்களில் தேக்கு தேக்காகவே விற்கப்படுகிறது. பழைய பர்மா தேக்கு என்றால் புதிய மரத்தைவிடக் கூடுதல் விலையும் கிடைக்கும். செங்கல்லைச் சுண்ணாம்பு தட்டி அடுக்கி, செங்கல்லாகவே எண்ணி விற்கிறார்கள். கடப்பைக் கல் இன்னொரு வீட்டின் அலமாரித் தட்டாகிறது. இரும்பு மட்டும் கிலோ கணக்கில் போகிறது. இவை எல்லாவற்றிலும் நீண்ட நாள் உழைக்கக்கூடியதும், வலிமையைத் துல்லியமாக அளந்து சொல்லக்கூடியதும் இரும்புதான் என்பதை நினைத்தால், இது தலைகீழான ஏற்பாடு.

கட்டட அமைப்புப் பொறியாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த பிறகும் இதை நான் ஒரு கேள்வியாகவே எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது விருதுநகர்ப் பக்கம் இருந்த ஒரு பழைய பருத்திக் கிடங்கு.

கிடங்கின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். கிடங்கை இடித்துவிட்டு அதே மனையில் மகனுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று வந்தார். கீழ்த்தளத்துக்கு மேலே இருந்தது அந்தக் காலத்து வளைவுத் தளம். அதாவது, சுவருக்குச் சுவர் ஐ வடிவ இரும்புக் கர்டர்களை நாலடி இடைவெளியில் போட்டு, இரண்டு கர்டர்களுக்கு நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சின்னச் சின்ன வளைவுகள் கட்டி, மேலே செங்கல் பொடியும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி போட்டு மட்டப்படுத்திய தளம். ஜாக் ஆர்ச் என்று எங்கள் துறையில் சொல்வோம். நான் மனையைப் பார்க்கப் போன அன்று இடிப்பு தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. பதினான்கு கர்டர்களில் ஐந்தைக் கேஸ் கட்டர் வைத்து ஆறடி ஏழடித் துண்டுகளாக வெட்டி, லாரிக்குத் தோதாக அடுக்கியிருந்தார்கள். அந்தத் துண்டுகளில் ஒன்றின் பக்கவாட்டில், சுண்ணாம்புக் கறைக்கு அடியில், உருட்டும்போதே பதிந்த எழுத்துகள் துருத்திக்கொண்டிருந்தன. கடப்பாறை முனையால் சுரண்டிப் பார்த்தபோது டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து என்று படிக்க முடிந்தது.

மிடில்ஸ்பரோ என்பது இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே 1875-இல் ஆர்தர் டார்மனும் ஆல்பர்ட் டி லாண்ட் லாங்கும் தொடங்கிய நிறுவனம்தான், பிற்பாடு 1932-இல் திறக்கப்பட்ட சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியது. அந்த நிறுவனத்தின் கர்டர்கள் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கி, கிடங்கு, பஞ்சாலை, ரயில் நிலையம், செல்வர் வீடு என்று உள்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஜாம்ஷெட்பூரில் டாடாவின் ஆலை 1912-இல் எஃகு வார்க்கத் தொடங்கிய பிறகும் பல ஆண்டுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே விற்பனையாயின. பழைய கட்டடங்களில் ஒரே அறைக்குள் இரண்டு முத்திரைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

“தம்பி, இது எங்க தாத்தா போட்ட கர்டர். இதையே புது வீட்டுக்கும் போட முடியாதா?” என்று பெரியவர் கேட்டார். எனக்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. எங்கள் துறையில் எல்லாரும் சொல்லும் பதில்தான்: பழைய இரும்புக்கு டெஸ்ட் சர்டிபிகேட் கிடையாது, விதி அனுமதிக்காது. அதைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து விதியை எடுத்துப் பார்த்தபோதுதான், நான் சொன்னது பாதிதான் உண்மை என்று தெரிந்தது.

இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 800. அதன் 2007 பதிப்பு, ஆலைச் சோதனைச் சான்றிதழ் இல்லாத, அடையாளம் தெரியாத எஃகை முக்கியமில்லாத உறுப்புகளில் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த வாக்கியத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. ஐஎஸ் 1608-இல் சொல்லியபடி இழுவைச் சோதனை செய்து தரத்தை உறுதிப்படுத்திக்கொண்டால், அத்தகைய எஃகைக் கட்டமைப்பிலேயே பயன்படுத்தலாம் என்று விதியே சொல்கிறது. ஆக, தடையென்று நாங்கள் சொல்லிவந்தது உண்மையில் ஒரு வேலை. யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டிய, கூலி கிடைக்காத வேலை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலேயே பெரியவருக்குத் தொலைபேசியில் சொல்லி, மிச்சம் ஒன்பது கர்டர்களை வெட்டவிடாமல் நிறுத்தினேன்.

எஃகுக்கு வயதாவதில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். மரம் உளுத்துப்போகும், கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வெடிக்கும், சுண்ணாம்பு கரையும். கூரைக்குக் கீழே, நனையாமல், ஒரே சீரான பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த எஃகு உத்தரம் நூறு ஆண்டுக்குப் பிறகும் அது உருட்டப்பட்ட அன்று இருந்த எஃகுதான். அந்தக் கர்டர்களைப் போட்ட காலத்தில் பொறியாளர்கள் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏழரை அல்லது எட்டு டன்னுக்கு மேல் இறுக்கம் வராமல் கணக்குப் போட்டார்கள். இன்றைய அளவையில் அது சதுர மில்லிமீட்டருக்கு 116 முதல் 124 நியூட்டன். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் ஐஎஸ் 2062 எஃகின் ஈல்டு, அதாவது இரும்பு விட்டுக்கொடுத்து நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை, 250 நியூட்டன். அந்தக் கர்டர்கள் தம் ஆயுள் முழுவதும் தம் பலத்தில் பாதிக்குமேல் செலவழித்ததே இல்லை என்று பொருள்.

ஆனால் இது எந்த எஃகு, எஃகுதானா என்பதே முதல் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காலம்வரை அடித்து உருட்டிய தேனிரும்பும் கர்டராக வந்திருக்கிறது. அதன் உள்ளமைப்பு மரத்தின் நார் போல அடுக்கடுக்காக இருக்கும். தூண்களில் வார்ப்பிரும்பு வந்திருக்கிறது. அது அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் சொல்லாமல் முறியும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றங்களில் நிற்கும் வேலைப்பாடான இரும்புத் தூண்களைக் கழற்றிக் கொண்டுபோய் மாடிக்கு முட்டுக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம், நிற்கவைத்து அழகு பாருங்கள், பாரம் ஏற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். கர்டர்களுக்கு நல்வாய்ப்பாக ஒரு துப்பு இருக்கிறது. ஆலைக்கு ஆலை தனித்தனி அளவில் உருட்டிக்கொண்டிருந்த வழக்கத்தை பிரிட்டன் 1903-இல் முதல் பொதுத் தர அளவுகளை வெளியிட்டு ஒழுங்குபடுத்தியது. 175 வகைக் குறுக்குவெட்டுகள் 113 ஆகச் சுருங்கின. அதையடுத்து 1906-இல் கட்டட எஃகுக்கே ஒரு தரம் வந்தது. சதுர அங்குலத்துக்கு 28 முதல் 32 டன் இழுவிசை வலிமை இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கள் கர்டரின் உயரத்தை அளந்தால் 10 அங்குலம், அகலம் 5 அங்குலம், நிறுத்துப் பார்த்தால் அடிக்கு 30 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பட்டியலில் அப்படியே உள்ள அளவு. மீட்டர் கணக்கில் 44.6 கிலோ, உயரத்தில் இன்றைய இந்தியத் தர ஐ வடிவ உத்தரமான ஐஎஸ்எம்பி 250-க்கு இணை, எடையில் அதைவிட ஏழு கிலோ அதிகம். நூறு ஆண்டுத் துரு தின்றதும் அந்தச் சற்றுக் குறைவுக்குள் அடக்கம்.

துரு எங்கே தின்கிறது என்பதைக் கவனித்தால் பழைய கட்டடங்களின் குணமே விளங்கும். அறையின் நடுவில், எல்லாருடைய கண்ணிலும் படும் இடத்தில், கர்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் ஒன்பது அங்குலம், ஒருவர் கண்ணிலும் படாத அந்த முனைதான், மழைத்தண்ணீரை உறிஞ்சிய வெளிச்சுவரின் ஈரத்தில் ஊறி, அடுக்கடுக்காகப் பெயர்ந்து வரும். எங்கள் ஒன்பதில் ஒன்று, மேலே குழாய் ஒழுகிய இடத்தில், நடுப்பட்டையே காகிதம் போல இளைத்துப் போயிருந்தது, அதை ஒதுக்கிவிட்டோம். மற்ற எட்டின் இரு முனைகளிலும் முக்காலடி வெட்டி எறிந்தோம். பதினெட்டடி கர்டர் பதினாறரை அடியாயிற்று.

அங்கேதான் வேலையின் வரிசையே புரண்டது. வழக்கமாக ஆர்க்கிடெக்ட் அறையின் அளவைச் சொல்வார், நான் அதற்கேற்ற இரும்பைச் சொல்வேன், கடைக்காரர் அதைக் கொண்டுவந்து இறக்குவார். இப்போது இரும்பு முதலில் வந்து மனையில் கிடக்கிறது. இரு பக்கமும் அரையடி சுவரில் உட்கார வேண்டுமென்றால் அறையின் உள் அகலம் பதினைந்தரை அடிதான். ஆர்க்கிடெக்ட் பதினெட்டடிக் கூடம் வரைந்து வைத்திருந்தார்; இரண்டரை அடியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வர ஒரு வாரம் பிடித்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறரை அடித் துணியில் பதினெட்டடிச் சட்டை தைக்க முடியாது என்று தையல்காரருக்குத் தெரியும். எங்களுக்கோ துணி எப்போதும் வேண்டிய நீளத்தில் கிடைத்துவந்திருக்கிறது.

சோதனைக்கு வருகிறேன். வெட்டிப்போட்ட ஐந்து கர்டர்கள் இங்கே உதவின. இழுவைச் சோதனைக்குத் துண்டு எடுக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கர்டரைக் காயப்படுத்தியாக வேண்டும். ஏற்கெனவே காயப்பட்டவை இருந்ததால், கேஸ் கட்டரின் சூடு பட்ட விளிம்பிலிருந்து தள்ளி, குளிர்ந்த முறையில் அறுத்துச் சோதனைத் துண்டுகள் எடுத்தோம். நடுப்பட்டையிலிருந்தும் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பழைய எஃகு இங்காட்டில், அதாவது உருக்கி ஊற்றிய கட்டியில், உறையும்போது கந்தகமும் பாஸ்பரசும் நடுப்பகுதியில் சேர்ந்து தங்கிவிடும். ஓரத்தில் எடுத்த துண்டு நல்லபடியாகச் சொல்லும், நடுவில் எடுத்த துண்டுதான் உண்மையைச் சொல்லும். பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்ததில், இருந்தவற்றிலேயே குறைந்த ஈல்டு 240-க்குச் சற்று மேல். முறிவதற்கு முன் நன்றாக நீண்டும் கொடுத்தது. நான் 230 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்தப் பத்து என் தூக்கத்துக்காக.

வேதிப் பகுப்பாய்வில் ஒரு பாடம் கற்றேன். பழைய இரும்பு வியாபாரத்தில் இப்போது கையடக்க எக்ஸ்ரே கருவி பரவலாகிவிட்டது. துப்பாக்கி போல நீட்டினால் நொடியில் மாங்கனீஸ் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று காட்டும். அதற்குக் கரிமம் தெரியாது. எஃகின் குணத்தைத் தீர்மானிக்கும் முதல் தனிமமே அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். பொறி பறக்கவிட்டு அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் எஃகில் கரிமம் சாதுவான அளவில் இருந்தது. பாஸ்பரஸ் மட்டும் ஐஎஸ் 2062 அனுமதிக்கும் 0.045 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. உத்தரமாகக் கிடப்பதற்கு அதனால் குற்றமில்லை. வெல்டிங் செய்தால் பற்றில் நுண்ணிய வெடிப்பு வர வாய்ப்புண்டு. ஆகவே இந்த வீட்டில் பழைய கர்டர் எதிலும் ஒரு பொட்டு வெல்டிங்கூட கூடாது, எல்லாம் போல்ட்டுதான் என்று படத்தில் பெரிய எழுத்தில் போட்டேன். போல்ட்டுப் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கர்டரின் மேல் கீழ்ப் பட்டைகள் உள்பக்கம் எட்டு டிகிரி சரிந்திருக்கும். அந்தச் சரிவுக்கேற்ற ஆப்பு வாஷர் வைக்காமல் முறுக்கினால் போல்ட்டின் கழுத்து வளையும். எங்கள் ஊர் ஃபேப்ரிகேட்டர் அதைப் பார்த்து நாளாகிவிட்டது என்று சொல்லி, தானே கடைந்து கொடுத்தார்.

பழைய இரும்பு என்றதும் பலரும் தண்டவாளத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடங்களின் ஜன்னல் மேல், மாட்டுத் தொழுவத்தின் கூரையில், தெருவிளக்குக் கம்பமாக என்று தண்டவாளம் நம் ஊர்களில் எத்தனையோ வேலை செய்திருக்கிறது. பாரம் தாங்குவதில் அதற்கு மிஞ்சியதில்லை. இன்றைய தண்டவாளத்தின் இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 880 நியூட்டன். கட்டட எஃகைப்போல் இரு மடங்கு. ஆனால் அந்த வலிமை 0.6 முதல் 0.8 சதவீதக் கரிமத்திலிருந்து வருகிறது, அவ்வளவு கரிமம் உள்ள எஃகில் சாதாரண வெல்டர் ராடு பிடித்தால் அது கண்ணாடி போல வெடிக்கும். சுமை ஏறி இறங்கியே ஆயுளைக் கழித்த இரும்பு என்பது இன்னொரு சிக்கல். ஒரே பாரத்தைத் தாங்கிக் கிடந்த கர்டரும், நாள்தோறும் ஆயிரம் சக்கரங்களின் கீழே அழுந்தி நிமிர்ந்த தண்டவாளமும் ஒன்றல்ல. கிரேன் ஓடிய கர்டரையும் அதே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பாலத்து இரும்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பாம்பனை விட்டுவிட முடியாது. 1914-இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் தூக்கும் பகுதியும் டீஸ் ஆற்றங்கரையிலிருந்து வந்ததுதான்; மிடில்ஸ்பரோவுக்குப் பக்கத்திலுள்ள தார்னபியில் ஹெட் ரைட்சன் நிறுவனம் செய்தது. 1964 டிசம்பர் புயலில், தனுஷ்கோடி அழிந்த அதே இரவில், பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட நாற்பதடிக் கர்டர்கள் கடலில் விழுந்தன. தூக்குப் பாலம் விழாமல் நின்றது. புதிய கர்டர்கள் செய்து வர மாதக்கணக்கில் ஆகும் என்ற நிலையில், கடலடியில் கர்டர்கள் கிடக்கும் இடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுக்க, பொறுப்பிலிருந்த இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் அவற்றைத் தூக்கி எடுத்துப் பழைய தூண்களின் மீதே ஏற்றி, 46 நாளில் பாலத்தை மீட்டார். இதைப் பெரும்பாலும் வேகத்தின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஆவணத்தின் கதையாகப் படுகிறது. கடலிலிருந்து எடுத்த ஒவ்வொரு கர்டரும் எந்த நீளம், எந்தப் பாரத்துக்குச் செய்தது, எந்த இருக்கையில் உட்காரும் என்பதெல்லாம் ரயில்வேயின் வரைபடத்தில் இருந்தன. உப்பு நீரில் ஊறிய இரும்புக்கும் ஜாதகம் இருந்தது. விருதுநகரில் நனையாமல் கிடந்த கர்டருக்கு அது இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அலைந்து நாங்கள் எழுத வேண்டியிருந்தது.

இந்த ஜாதகம் எழுதும் வேலையைப் பிரிட்டன் ஒரு முறையாகவே ஆக்கிவிட்டது. தெற்கு லண்டனில் 2002-இல் கட்டி முடிக்கப்பட்ட பெட்செட் குடியிருப்பில் பயன்படுத்திய கட்டமைப்பு எஃகில் 95 சதவீதம், 98 டன், பழையது; அதில் பெரும்பகுதி பிரைட்டன் ரயில் நிலையத்தைப் புதுப்பித்தபோது கழற்றியது. அது ஆர்வலர்களின் முயற்சி. அங்குள்ள எஃகுக் கட்டுமான ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி அதை அலுவலக நடைமுறையாக்கியது. ஒரே கட்டடத்தில், ஒரே வேலையில், ஒரே அளவில் இருந்த உறுப்புகளை ஒரு குழுவாக வைத்து, ஒவ்வொன்றையும் காயப்படுத்தாத சோதனைக்கும், சிலவற்றை மட்டும் வெட்டிப் பார்க்கும் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் 1970-க்குப் பிந்தைய எஃகுக்கு மட்டும் எழுதினார்கள். 2023-இல் அதற்கு முந்தைய எஃகுக்கும் துணை வழிகாட்டி வந்தது. திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கிக் களைப்புக்கு உள்ளான பாலத்து எஃகை விலக்கிவைத்தார்கள். இதையெல்லாம் படித்தபோது, நாங்கள் தட்டுத்தடுமாறிச் செய்ததைத்தான் அங்கே படிவமாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அவர்களிடம் இருந்து நமக்கு வேண்டியது அந்தப் படிவம்தான். துணிச்சல் நம்மிடம் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது.

ஆம், நம் ஊரில் பழைய இரும்பை மறுபடி பயன்படுத்துவதே இல்லை என்று சொன்னால் காயலான் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். மூடிய பஞ்சாலைகளின் டிரஸ்கள், அதாவது முக்கோணமாகப் பின்னிய கூரைச் சட்டங்கள், கல்யாண மண்டபங்களின் மேல் நிற்கின்றன. பிஇபி என்று சொல்லப்படும், ஆலையில் செய்து போல்ட்டுப் போட்டு நிறுத்தும் ஷெட்டுகள் வந்தபின் இது இன்னும் எளிதாகிவிட்டது. கழற்றி, லாரியில் ஏற்றி, வேறு ஊரில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது அந்த வேறு ஊர்தான். காற்றுவிசைக்கான ஐஎஸ் 875 விதிப்படி கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே கோவையில் நின்ற ஷெட்டை அப்படியே சென்னைப் பக்கம் நிறுத்தினால், அது கணக்குப் போட்டதைவிட 64 சதவீதம் கூடுதலான அழுத்தத்தைச் சந்திக்க நேரும். ஷெட்டை விற்பவர் தகரத்தின் கனத்தைச் சொல்வார், எடையைச் சொல்வார், எந்த ஊர்க் காற்றுக்குக் கட்டியது என்று சொல்ல மாட்டார். வாங்குபவரும் கேட்பதில்லை. பழைய இரும்பில் கட்டிய கூரை விழுந்தால், அதற்கு இரும்பு காரணமாவது அரிது.

கரிமக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பேசும் எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். தாதுவிலிருந்து எடுக்கும் எஃகு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடுகிறது. மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட பசுமை எஃகு வரையறையிலேயே தகுதிக்கான எல்லை 2.2 டன். எங்கள் எட்டுக் கர்டர்களின் எடை 1.8 டன். அப்படியானால் நான்கு டன் வாயுவைத் தவிர்த்தோம் என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. நாங்கள் நிறுத்தியிராவிட்டால் அந்தக் கர்டர்கள் குப்பைக்குப் போயிருக்காது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மின் உலை ஏதாவது ஒன்றில் உருகி, முறுக்குக் கம்பியாகி இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும். நாங்கள் உண்மையாகத் தவிர்த்தது, அந்த உருக்கலுக்கு டன்னுக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஆகும் மின்சாரத்தையும், மறுபடி காய்ச்சி உருட்டும் எரிபொருளையும், போக வர லாரி டீசலையும்தான். உலைக்குக் கிடைக்காமல்போன பழைய இரும்புக்கு ஈடாக எங்கோ தாது வெட்டப்படுகிறது என்றும் வாதிடலாம். இந்தச் சேமிப்பு சிறியதல்ல, ஆனால் விளம்பரப் பலகைகளில் எழுதும் அளவு பெரிதுமல்ல. என்னைக் கேட்டால், ஐ வடிவத்தில் நேராக, பதினாறடி நீளத்தில், சோதித்துப் பார்த்த வலிமையோடு கிடக்கும் ஒன்றைக் குழம்பாக்கிவிட்டு மறுபடி கம்பியாக இழுப்பதில் உள்ள வீண் வேலைதான் முதலில் உறுத்துகிறது.

பணக் கணக்கு இப்படி முடிந்தது. காண்டிராக்டர் எட்டுக் கர்டர்களையும் திருப்பித் தர, அவர் கணக்குப் போட்டிருந்த பழைய இரும்பு விலையைக் கழித்துக்கொண்டோம். வளைவுத் தளத்தைச் சம்மட்டியால் தாறுமாறாக உடைத்தால் ஒரு பக்க வளைவின் உதைப்பு கர்டரை முறுக்கிவிடும். எனவே ஒன்றுவிட்டு ஒன்றாக இல்லாமல், ஓரத்திலிருந்து வரிசையாக, முட்டுக் கொடுத்து இறக்கச் சொன்னோம். அதற்குக் கூடுதல் கூலி. செயின் பிளாக் வாடகை. பழைய செந்தூர பெயிண்டில் ஈயம் இருப்பதால், அதைத் தீயில் சுட்டு எடுக்காமல் ஈரப்படுத்திச் சுரண்ட ஆள்கூலி, முகக்கவசம். ஆய்வகக் கட்டணம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதிய கர்டர் வாங்குவதைவிட மிகச் சிறிய தொகையே மிச்சம், என் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல். பதினான்கும் முழுசாக இருந்திருந்தால் அதே சோதனைக் கட்டணம் பதினான்குக்கும் பங்காகியிருக்கும். ஐந்து கர்டர்களை மூன்று நாளில் துண்டாக்கியது கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேஸ் கட்டர் பிடித்த அண்ணனிடம் பின்னால் கேட்டபோது, “முழுசா இறக்குனா காசு கொடுக்குறது யாருண்ணே?” என்றார். லாரியின் நீளமும் உலை வாயின் அகலமும்தான் அவருடைய வரைபடம். அதில் ஆறடிக்கு மேல் எதற்கும் விலை இல்லை.

அதனால்தான் பழைய கர்டரின் தலையெழுத்து என் மேசையில் எழுதப்படுவதில்லை, இடிப்பு ஒப்பந்தத்தில் எழுதப்படுகிறது என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் பொறியாளர்கள் அழைக்கப்படுவது புதுக் கட்டடத்துக்கு. அதற்குள் பழையது தரைமட்டமாகியிருக்கும். அந்த வீடு முடிந்த பிறகு என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும், மனையில் ஏதாவது நிற்கிறதா என்று முதலில் கேட்கிறேன்.

சென்ற மாதம் அப்படி ஒன்று வந்தது. ராஜபாளையம் சாலையில் ஒரு சிறிய நூற்பாலை, வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரையும் ஆங்கிள் டிரஸ்களுமாக. ரிவெட் அடித்த இணைப்புகள். இடிப்பு ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்க்கச் சொன்னேன். டிரஸ்களை இணைப்பில் பிரித்து முழுசாகத் தரையில் இறக்க வேண்டும். உத்தரங்களைக் கேஸ் கட்டரால் வெட்டக் கூடாது, வெட்டியே ஆக வேண்டுமென்றால் சுவர் ஓரத்தில் மட்டும் வெட்ட வேண்டும். இறக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அது இருந்த இடத்தைப் படத்தில் குறிக்க வேண்டும். முழுசாக இறங்கும் ஒவ்வொன்றுக்கும் கிலோ விலைக்கு மேல் தனித் தொகை. காண்டிராக்டர் படித்துப் பார்த்துவிட்டு, “சார், இப்படி எழுதினா நான் சொன்ன ரேட்டு குறையும், கிரேன் வேற பிடிக்கணும்” என்றார். எவ்வளவு குறையும் என்று கேட்டு, உரிமையாளரும் அவரும் அரைமணி நேரம் பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை இடிப்பு. நாளை காலை இரண்டு பையன்களோடு ஏணியும் மஞ்சள் பெயிண்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு எண் போடப் போகிறேன்.